உயிர்க்குறிகள் நான்கு

நுழையும்முன்

உடற்கூறியல் உடலின் அமைப்பைக் கூறுகிறது; உடலியங்கியல் அவ்வமைப்பு இயங்கும் முறையைக் கூறுகிறது. செவிலியர் படிப்பில் சேர விரும்பும் மாணவர்கள் இவ்விரண்டையும் நுழைவுத்தேர்வுக்காகக் கற்கின்றனர். பலருக்கும் இவை மனப்பாடம் செய்யவேண்டிய பெயர்ப்பட்டியல்களாகவே தோன்றுகின்றன. தேர்வு முடிந்த பின்னரும் நோயாளியின் படுக்கையருகில் நாள்தோறும் தேவைப்படுவது இவ்வறிவே. நாடித்துடிப்பு, மூச்சு, வெப்பநிலை, இரத்த அழுத்தம் என்னும் நான்கு குறிகளால் உடல் தன் உள்நிலையை வெளிப்படுத்துகிறது. அக்குறிகளின் பொருளை இப்பாடம் விளக்குகிறது.

ஓர் இரவுப் பணி

மருத்துவமனை ஒன்றின் அறுவை சிகிச்சைப் பிரிவை எண்ணிப் பார்க்கலாம். வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்த ஒருவர் படுக்கையில் இருக்கிறார். இரவு 8 மணிக்குச் செவிலியர் அவருடைய உயிர்க்குறிகளைப் பதிவு செய்கிறார். நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 78, மூச்சு 16, வெப்பநிலை 37 பாகை செல்சியஸ், இரத்த அழுத்தம் 122/80.

9 மணிக்கு நாடித்துடிப்பு 92, மூச்சு 18, இரத்த அழுத்தம் 118/84 என உள்ளன. 10 மணிக்கு நாடித்துடிப்பு 112, மூச்சு 24, இரத்த அழுத்தம் 116/90. நோயாளி அமைதியின்றிப் புரள்கிறார். வலியால்தான் அப்படி இருக்கிறார் என்று உடனிருக்கும் உறவினர் கூறுகிறார். இரத்த அழுத்தத்தின் மேல் எண் 116. அதில் குறையொன்றும் தெரியவில்லை. அடுத்த மணிவரை காத்திருக்கலாமா, மருத்துவரை உடனே அழைக்க வேண்டுமா? இவ்வினாவிற்கு விடைகாண, அந்த எண்கள் எவ்வாறு உருவாகின்றன என்பதை அறிதல் வேண்டும்.

மாறாத உள்நிலை

வெளியே கோடை வெயில் எரித்தாலும் மார்கழிப் பனி பெய்தாலும் உடலின் உள்வெப்பம் பெரிதும் மாறுவதில்லை. உண்ணாவிரதம் இருந்தாலும் விருந்துண்டாலும் இரத்தத்திலுள்ள சர்க்கரையின் அளவு ஓர் எல்லைக்குள் நிற்கிறது. உடலிலுள்ள உயிரணுக்கள் குறிப்பிட்ட வெப்பமும் ஆக்சிஜனும் அமில காரச் சமநிலையும் இருந்தால்தான் இயங்கும். ஆகவே, புறச்சூழல் மாறும்போதெல்லாம் உடல் தன் உள்நிலையை இழுத்துப் பிடித்து நிறுத்துகிறது. இதனைத் தன்னிலை காத்தல் என்பர்.

இதற்கு மூன்று உறுப்புகள் வேண்டும். மாற்றத்தை அறியும் உணர்வாங்கி ஒன்று. செய்தியைப் பெற்று முடிவெடுக்கும் கட்டுப்பாட்டு மையம் ஒன்று. முடிவைச் செயற்படுத்தும் தசையோ சுரப்பியோ ஒன்று. மாற்றம் எத்திசையில் நிகழ்கிறதோ, அதற்கு எதிர்த்திசையில் உடலின் செயல் அமையும். வெப்பம் ஏறினால் குளிர்விக்கும். அழுத்தம் தாழ்ந்தால் உயர்த்தும். உயிர்க்குறிகள் நான்கும் இத்தகைய காவல்பணியின் வெளித்தோற்றங்களே. எனவே, ஓர் எண் இயல்பாக இருப்பதனால் மட்டும் உடல் நலமாக இருக்கிறது என்று கொள்ளலாகாது. அவ்வெண்ணை இயல்பாக வைத்திருக்க உடல் எவ்வளவு பாடுபடுகிறது என்பதையும் நோக்குதல் வேண்டும்.

நாடித்துடிப்பு

மார்புக்கூட்டினுள் இரு நுரையீரல்களுக்கிடையே, சற்றே இடப்புறம் சாய்ந்து இதயம் அமைந்துள்ளது. அதன் அளவு ஏறத்தாழ அவரவர் கைம்முட்டி அளவினது. மேலே இரண்டு ஆரிக்கிள்களும் கீழே இரண்டு வெண்ட்ரிக்கிள்களும் ஆக நான்கு அறைகள் அதில் உள்ளன. உடலெங்கும் சுற்றிவந்த ஆக்சிஜன் குறைந்த இரத்தம் வலப்பக்க அறைகளை அடைந்து, அங்கிருந்து நுரையீரலுக்குச் செல்கிறது. நுரையீரலில் ஆக்சிஜன் பெற்ற இரத்தம் இடப்பக்க அறைகளை அடைந்து, இட வெண்ட்ரிக்கிளிலிருந்து பெருந்தமனி வழியாக உடல் முழுவதும் பாய்கிறது. இரத்தம் பின்னோக்கித் திரும்பாதவாறு வால்வுகள் தடுக்கின்றன.

இதயம் துடிப்பதற்கு மூளையின் ஆணை தேவையில்லை. வல ஆரிக்கிளின் சுவரிலுள்ள சைனோ ஏட்ரியல் கணு என்னும் சிறு திசு தானே மின்தூண்டலை உண்டாக்கித் துடிப்பைத் தொடங்கிவைக்கிறது. அத்துடிப்பை விரைவுபடுத்துவதும் மெதுவாக்குவதுமே நரம்புகளின் வேலை. பரிவு நரம்புகள் விரைவுபடுத்துகின்றன. எதிர்ப்பரிவு நரம்பாகிய வேகஸ் மெதுவாக்குகிறது. அச்சமுறும்போது நெஞ்சு படபடப்பதும் உறங்கும்போது துடிப்புத் தணிவதும் இதனால்தான்.

இட வெண்ட்ரிக்கிள் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் ஏறத்தாழ 70 மில்லி லிட்டர் இரத்தம் பெருந்தமனியுள் தள்ளப்படுகிறது. அப்போது தமனிகளின் மீள்தன்மையுடைய சுவர் விரிந்து சுருங்கும். இந்த அலையே மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமுள்ள ஆரத் தமனியில் நாடியாக உணரப்படுகிறது. ஓய்வு நிலையில் வளர்ந்தவர்க்கு நாடி நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை இருக்கும். பிறந்த குழந்தைக்கு 120 முதல் 160 வரை இருப்பது இயல்பு. நாள்தோறும் ஓடிப் பயின்ற விளையாட்டு வீரருக்கு 60க்கும் கீழே இருக்கலாம். அவருடைய இதயம் ஒரு துடிப்பில் மிகுதியான இரத்தத்தைத் தள்ளுவதே காரணம்.

நாடி பார்க்கும்போது ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பயன்படுத்த வேண்டும். கட்டைவிரலை வைத்தால், பார்ப்பவரின் விரலில் ஓடும் நாடியே நோயாளியின் நாடியாகத் தோன்றக்கூடும். எண்ணிக்கையோடு சீர்மையையும் வலிமையையும் நோக்க வேண்டும். சீரற்ற நாடியை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுதல் வேண்டும். சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வுகளுள் நாடியும் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளமை, விரல்நுனி உணர்வுக்கு நம் மரபு தந்த மதிப்பைக் காட்டும்.

தெரிந்து தெளிவோம்

இரத்தம் கல்லீரலில் இடைவிடாது உண்டாகி உறுப்புகளில் செலவழிந்துவிடுகிறது என்பது பழங்காலக் கிரேக்க மருத்துவர் கேலன் வழிவந்த கருத்து. இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட நூலில் அக்கருத்தை எளிய கணக்கால் மறுத்தார். ஒரு துடிப்பில் வெளியேறும் இரத்தத்தைத் துடிப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கினால், அரைமணி நேரத்தில் கிடைக்கும் அளவே உடலிலுள்ள மொத்த இரத்தத்தை விஞ்சிவிடும். எனவே, அதே இரத்தமே மீண்டும் மீண்டும் சுற்றிவருகிறது என்று அவர் நிறுவினார். தமனிகளையும் சிரைகளையும் இணைக்கும் தந்துகிகளை அவர் கண்டதில்லை. 1661இல் இத்தாலிய அறிஞர் மார்செல்லோ மால்பிஜி, தவளையின் நுரையீரலில் அவற்றை நுண்ணோக்கி வழியே கண்டார்.

மூச்சு

விலா எலும்புகளுக்குக் கீழே, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்தட்டு உதரவிதானம் ஆகும். அது சுருங்கிக் கீழிறங்கும்போது மார்பறை விரிகிறது, உள்ளே காற்றழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று நுழைகிறது. அது தளர்ந்து மேலெழும்போது காற்று வெளியேறுகிறது. இயல்பான ஒரு மூச்சில் ஏறத்தாழ 500 மில்லி லிட்டர் காற்று உட்சென்று திரும்பும். மூச்சுக்குழல் கிளைத்துக் கிளைத்துச் சென்று, காற்று நுண்ணறைகளில் முடிகிறது. நுண்ணறையின் மெல்லிய சுவரைத் தந்துகிகள் வலைபோலச் சூழ்ந்துள்ளன. அங்கே ஆக்சிஜன் இரத்தத்தினுள்ளும் கார்பன் டை ஆக்சைடு காற்றினுள்ளும் ஊடுருவிச் செல்கின்றன.

ஓய்வில் வளர்ந்தவர்கள் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகின்றனர். இதனை ஆள்வது மூளையின் அடிப்பகுதியிலுள்ள முகுளம். ஆக்சிஜன் குறைவதைக் காட்டிலும் கார்பன் டை ஆக்சைடு மிகுவதே இயல்பு நிலையில் மூச்சைத் தூண்டுகிறது. கார்பன் டை ஆக்சைடு மிகுந்தால் இரத்தத்தின் அமிலத்தன்மை ஏறும். முகுளம் அதனை உணர்ந்து மூச்சை விரைவுபடுத்தும். தசைகளுக்குப் போதிய ஆக்சிஜன் கிட்டாதபோது லாக்டிக் அமிலம் சேர்ந்தாலும் இதுவே நிகழும்.

நான்கு குறிகளுள் மனத்தின் விருப்பத்திற்கும் கட்டுப்படுவது மூச்சு ஒன்றே. தன் மூச்சு எண்ணப்படுகிறது என்று அறிந்தவர் தம்மையறியாமலே அதனை மாற்றிவிடுவார். ஆதலால், நாடியை எண்ணி முடித்த செவிலியர் விரல்களை எடுத்துவிடாமல், நாடி பார்ப்பதுபோலவே இருந்து மார்பின் ஏற்ற இறக்கத்தை எண்ணுவார். மூச்சை எண்ணாமலே 18 என்று எழுதிவிடும் பழக்கம் தீங்கானது. நோய் முற்றுவதை முதலில் அறிவிக்கும் குறி பலவேளைகளில் மூச்சாகவே இருக்கிறது.

வெப்பநிலை

உண்ட உணவு உயிரணுக்களில் ஆற்றலாக மாறும்போது வெப்பம் உண்டாகிறது. கல்லீரலும் தசைகளும் இதில் பெரும்பங்கு வகிக்கின்றன. இரத்தம் அவ்வெப்பத்தை உடலெங்கும் பரப்புகிறது. மூளையிலுள்ள ஹைபோதலாமஸ் வெப்பநிலையை ஏறத்தாழ 37 பாகை செல்சியஸில், அதாவது 98.6 பாகை ஃபாரன்ஹீட்டில் நிலைநிறுத்துகிறது. வெப்பம் மிகுந்தால் தோலிலுள்ள இரத்த நாளங்கள் விரியும், வியர்வை சுரக்கும். வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிரும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த கடற்கரை ஊர்களில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. ஆதலால் அங்குப் புழுக்கம் மிகுதி.

காய்ச்சலில் நிகழ்வது வேறு. நோய்க்கிருமிகளை எதிர்க்கும்போது உண்டாகும் வேதிப்பொருள்கள் ஹைபோதலாமஸ் பேணும் அளவையே உயர்த்திவிடுகின்றன. 37 என்று இருந்த இலக்கு 39 ஆகிவிட்டால், 37 பாகையிலுள்ள உடல் தன்னைக் குளிர்ந்ததாகக் கருதும். தோலின் நாளங்கள் சுருங்கும். தசைகள் நடுங்கி வெப்பத்தை உண்டாக்கும். காய்ச்சல் ஏறும்போது ஒருவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு நடுங்குவதன் காரணம் இதுவே. மருந்தால் இலக்கு மீண்டும் தாழ்ந்தவுடன், மிகையான வெப்பத்தை வெளியேற்ற உடல் வியர்க்கிறது. ஒரு பாகை செல்சியஸ் வெப்பம் ஏறினால் நாடித்துடிப்பும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 10 கூடும். இவ்வாறு ஒரு குறி மற்றொரு குறியை மாற்றுகிறது.

1866இல் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் கிளிஃபர்ட் ஆல்பட் ஏறத்தாழ ஆறு அங்குல நீளமுள்ள வெப்பமானியை உருவாக்கினார். அதற்கு முன்பிருந்த கருவிகள் நீளமானவை. வெப்பத்தைக் காட்ட நெடுநேரம் எடுத்தவை. கைக்கு அடக்கமான கருவி வந்த பின்னரே படுக்கைதோறும் வெப்பநிலையைப் பதிவு செய்வது எளிதாயிற்று.

இரத்த அழுத்தம்

ஓடும் இரத்தம் தமனியின் சுவர்மீது செலுத்தும் விசையே இரத்த அழுத்தம். வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது அது உச்சத்தை அடையும். இது சிஸ்டோலிக் அழுத்தம். வெண்ட்ரிக்கிள் விரிந்து ஓய்வுகொள்ளும்போது தாழும். இது டயஸ்டோலிக் அழுத்தம். 120/80 மில்லி மீட்டர் பாதரச அளவு என்பதில் மேல் எண் முன்னதையும் கீழ் எண் பின்னதையும் குறிக்கும். இரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாடு நாடியழுத்தம் எனப்படும். இங்கு அது 40.

இரத்த அழுத்தத்தை இரண்டு காரணிகள் முடிவு செய்கின்றன. ஒன்று, இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு. ஒரு துடிப்பிற்கு 70 மில்லி லிட்டர், நிமிடத்திற்கு 72 துடிப்பு என்று கொண்டால் அது ஏறத்தாழ 5 லிட்டர். வளர்ந்தவர் உடலிலுள்ள மொத்த இரத்தமும் ஏறத்தாழ அவ்வளவே. மற்றொன்று, சிறு தமனிகள் தரும் தடை. நாளத்தின் ஆரம் பாதியாகச் சுருங்கினால் தடை 16 மடங்காகும். எனவே, நாளங்கள் சிறிதளவு சுருங்கினாலும் அழுத்தம் பெரிதும் உயரும்.

1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி மேற்கையில் பட்டை கட்டி அழுத்தம் அளக்கும் கருவியை அமைத்தார். 1905இல் உருசிய மருத்துவர் நிக்கொலாய் கொரோட்கோவ், அப்பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டால் ஒலிகள் எழுவதைக் கண்டார். பட்டை தமனியை முழுதும் அழுத்தியிருக்கும்போது ஒலி இல்லை. காற்றை மெல்ல விடும்போது, நெருக்கப்பட்ட தமனியில் இரத்தம் பீறிட்டுப் பாய்வதால் ஒலி எழுகிறது; அதுவே மேல் எண். தமனி முழுதும் திறந்து இரத்தம் அமைதியாக ஓடும்போது ஒலி மறைகிறது. அதுவே கீழ் எண். பட்டை கைக்குப் பொருந்தாமல் மிகச் சிறியதாக இருந்தால் அழுத்தம் உள்ளதைவிட மிகுதியாகக் காட்டும். அளவி பிழையானால் முடிவும் பிழையாகும்.

நான்கும் சேர்ந்து உரைப்பது

இனி அந்த இரவுப் பணிக்குத் திரும்பலாம். நோயாளியின் வயிற்றினுள் ஓர் இரத்த நாளம் கசிகிறது என்று கொள்வோம். வெளியே கட்டுத்துணியில் இரத்தம் தெரியவில்லை. உள்ளே இரத்தம் குறையக் குறைய, இதயத்திற்குத் திரும்பும் இரத்தமும் குறைகிறது. ஒரு துடிப்பில் வெளியேறும் அளவும் குறைகிறது. பெருந்தமனி வளைவிலும் கழுத்துத் தமனிகளிலும் உள்ள அழுத்த உணர்வாங்கிகள் இதனை உடனே முகுளத்திற்கு அறிவிக்கின்றன. பரிவு நரம்புகள் தூண்டப்படுகின்றன, அட்ரினலின் சுரக்கிறது.

அதனால் இதயம் விரைகிறது: 78, 92, 112. தோலிலும் குடலிலும் உள்ள நாளங்கள் சுருங்குகின்றன. மூளைக்கும் இதயத்திற்கும் இரத்தம் ஒதுக்கப்படுகிறது. தோல் வெளுத்துக் கைகால் சில்லிடுகின்றன. நாளங்கள் சுருங்கியதால் கீழ் எண் 80, 84, 90 என ஏறுகிறது. மேல் எண்ணோ 122, 118, 116 எனச் சற்றே தாழ்கிறது. நாடியழுத்தம் 42, 34, 26 எனக் குறுகிவருகிறது. சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்தம் குறைவதால் சிறுநீரும் குறையும். திசுக்களில் அமிலம் சேர்வதால் மூச்சு 24 ஆகிறது. மூளைக்கு ஆக்சிஜன் குறையத் தொடங்குவதால் அமைதியின்மை தோன்றுகிறது.

மேல் எண் 116 என்பது நலத்தின் அறிகுறியன்று. அது உடல் தன் வலிமை முழுவதையும் கூட்டிப் பிடித்து நிறுத்திய எண். மொத்த இரத்தத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டிற்கு மேல் இழந்த பின்னரே பலருக்கு மேல் எண் தெளிவாகச் சரிகிறது. அப்போது உறுப்புகளைக் காப்பதற்குக் கிட்டும் காலம் மிகக் குறுகியது. இளைஞர்களின் உடல் நெடுநேரம் ஈடுகொடுத்துவிட்டுத் திடீரெனச் சரியும். இதயத்துடிப்பைக் குறைக்கும் மருந்து உண்பவருக்கோ நாடி எதிர்பார்த்த அளவு விரையாமல் இருக்கலாம். ஆகவே, ஒருவருடைய எண்ணை அட்டவணையோடு மட்டுமன்றி, அவருடைய முந்தைய எண்ணோடும் ஒப்பிடுதல் வேண்டும்.

செவிலியர் நோயாளியின் கையைத் தொட்டுப் பார்க்கிறார், சில்லிட்டிருக்கிறது. சிறுநீர்ப் பையைப் பார்க்கிறார். இரண்டு மணி நேரமாக அளவு கூடவில்லை. மூன்று வரிப் பதிவுகளையும் அருகருகே வைத்து நோக்குகிறார். 11 மணிவரை காத்திராமல் மருத்துவரை அழைத்து எண்களை வரிசையாகக் கூறுகிறார். மருத்துவர் வந்து ஆராய்ந்து, உட்கசிவை உறுதிசெய்கிறார். நோயாளி மீண்டும் அறுவை அரங்கிற்குக் கொண்டுசெல்லப்படுகிறார். கசிந்த நாளம் கட்டப்படுகிறது. இழந்த இரத்தம் ஏற்றப்படுகிறது. விடியும்போது அவருடைய நாடி 84. கை வெதுவெதுப்பாக இருக்கிறது.

உழைச்செல்வான்

இந்நிகழ்வில் செவிலியர் கையாண்ட கருவிகள் எல்லா மருத்துவமனைகளிலும் உள்ளவையே. நோயாளியைக் காத்தது, எண்களுக்குப் பின்னே இயங்கும் உடலை அவர் அறிந்திருந்தமையே. திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தில் மருத்துவத்தின் கூறுகளை நான்காகப் பகுக்கிறார். நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, அருகிருந்து பணிசெய்பவரையும் அவர் ஒரு கூறாக வைத்தார். அவரை உழைச்செல்வான் என்று வள்ளுவர் குறிப்பிடுகிறார். மருத்துவர் வந்து பார்த்துச் செல்லும் நேரம் சிறிது; அருகிருப்பவர் காணும் நேரமே பெரிது. உடல் தன் துன்பத்தை முதலில் அவரிடமே தெரிவிக்கிறது.

தேர்வுக்காக ஆரத் தமனி, முகுளம், ஹைபோதலாமஸ் என்னும் பெயர்களைப் படிக்கும் மாணவர், ஒவ்வொரு பெயரையும் அதன் செயலோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். அவ்வாறு படித்த பெயர்கள் விடைத்தாளோடு நின்றுவிடா. ஒருநாள் நள்ளிரவில், உறங்கும் ஒருவரின் மணிக்கட்டில் வைத்த இரு விரல்களுக்கு அவை வழிகாட்டும்.

கற்பவை கற்றபின்

1. ஐந்து நிமிடம் அமர்ந்திருந்த பின்னும் இரண்டு நிமிடம் ஓடிய பின்னும் உங்கள் நாடித்துடிப்பை எண்ணிப் பதிவு செய்க. வேறுபாட்டிற்குக் காரணமான நரம்புகளைக் குறிப்பிடுக.

2. காய்ச்சல் ஏறும்போது நடுக்கமும் தணியும்போது வியர்வையும் உண்டாவது ஏன்? விளக்கி ஒரு பத்தி எழுதுக.

3. ஒருவரின் இரத்த அழுத்தம் முதலில் 124/78 ஆகவும் பின்னர் 114/92 ஆகவும் உள்ளது. இரு நேரங்களிலும் நாடியழுத்தத்தைக் கணக்கிட்டு, அம்மாற்றம் உணர்த்துவதைக் கலந்துரையாடுக.

4. உங்கள் ஊர் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பணிபுரியும் செவிலியர் ஒருவரைச் சந்தித்து, உயிர்க்குறிகளைப் பதிவு செய்யும் முறையைக் கேட்டறிந்து வகுப்பில் பகிர்க.